பன்னிரண்டு வருடம்: லவாலில் ஒரு இளம் போர்ட் வைனுக்கு நான் சொன்ன மதிப்பு

2008 ஒக்டோபர் கடைசியில் ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்குப் போய்வந்தேன். ஒரு போத்தல் வைனைச் சுவைத்துப் பார்க்க ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் போவார்களா என்று மகன் கேட்டான். நான் போனேன்.

என் மகள் அனிற்றா நான்கு வருடங்களுக்குப் பிறகு தொலைபேசி எடுத்திருந்தாள். அவளுடைய கலியாணத்துக்கு நான் போகவில்லை. காரணம் என்னுடையது, இங்கே விளக்கப்போவதில்லை. பேத்தி லெயாவுக்கு மூன்று வயதாகியும் படத்தில்தான் பார்த்திருந்தேன். இப்போது அழைத்ததும் எனக்காக அல்ல, என் நாக்குக்காக. மருமகனின் தகப்பன் ரொஜே, பேத்தி பிறந்த 2005ஆம் வருடத்துத் திராட்சையில் மட்டும் செய்த விண்டேஜ் போர்ட் வைனில் (போர்த்துக்கல் நாட்டின் இனிப்பான, கடுமையான வைன்) பன்னிரண்டு போத்தல் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். பிள்ளை பிறந்த வருடத்து வைனை வாங்கி வைத்து, அது வளர்ந்த பிறகு திறப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். லெயாவின் இருபத்தைந்தாவது பிறந்தநாள் வரை இது நிற்குமா என்று தெரிந்த ஒருவர் சொல்லவேண்டும். அனிற்றா என் பெயரைச் சொல்லிவிட்டாள். எல்லாம் நல்லபடி நடந்தால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கும் வரலாம் என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் டிக்கெட் எடுத்தேன்.

ரொறன்ரோவிலிருந்து காலை ஒன்பதரை பஸ். முதியோருக்கு விலைக் கழிவு உண்டு, கேட்டால்தான் தருவார்கள். கிங்ஸ்ரனில் இருபது நிமிடம் நிற்கும். அங்கே விற்கும் சாண்ட்விச்சை வாங்காதீர்கள், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். நாலு மணிக்கு மொன்றியல் பஸ் நிலையம். அதன் கீழேயே மெட்ரோ. செம்மஞ்சள் பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் லவாலுக்கே போகலாம், அரை மணித்தியாலம், ஒரு டிக்கெட் இரண்டே முக்கால் டொலர். போன வருடம்தான் பாதையை ஆற்றுக்கு அடியால் நீட்டினார்கள். நான் இந்த நகரத்தில் இருந்த காலத்தில் இரண்டு பஸ் மாறவேண்டும். நான் போன பிறகுதான் எல்லாம் வசதியாகிறது.

லவாலில் இறங்கியதும் ஒரு டெப்பனரில், மூலைக்கடையில், பாணும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கினேன். சுவை பார்க்கமுன் வாயைச் சுத்தமாக்க வேறொன்றும் சரிவராது. கடைக்காரர் நம்மவர், மன்னார்ப் பக்கம்.

"என்ன ஐயா, பாணும் தண்ணியும் மட்டுமோ? தபசுகாலம் எப்பவோ முடிஞ்சுதே."

எனக்கு நோன்பு இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மொன்றியல் ஹோட்டல் ஒன்றின் குசினியில் பதினாறு வருடம் வேலை செய்தேன். மேசையில் மிஞ்சி வந்த போத்தல்களின் அடியைச் சுவைத்தும் நூலகத்துப் புத்தகங்களைப் படித்தும் கற்றதுதான் என் அறிவு. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் ஒப்புக்கொண்டதுமில்லை. போர்ட் வைன் செய்கிறவர்கள் மிகச் சிறந்த வருடத்தில் மட்டும்தான் தங்கள் முதல் பெயரைப் போத்தலில் ஒட்டுவார்கள். அடுத்த தரமான வருடத்தில் வேறு பெயரில் விடுவார்கள். அதுதான் இரண்டாம் லேபல், ரொஜே வாங்கியதும் அதுதான். விலை பாதிதான். நல்ல சாமான், ஏமாற்று இல்லை. ஆனால் முதலாவது முப்பது நாற்பது வருடம் நிற்குமென்றால், இது அதில் பாதியும் நிற்காது. ரொஜேக்கு விற்றவர் இதைச் சொன்னாரோ தெரியாது.

அனிற்றாவின் வீட்டில் லெயா என்னைக் கண்டதும் தாயின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். "போன்ஷூர் சொல்லு" என்றாள் அனிற்றா. பிள்ளை சொன்னது. பிறகு அனிற்றா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, மாமாவுக்கு நெஞ்சில கான்சர். டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறார். நல்லாயிருக்கெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, காணும்."

"குடிச்சுப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

"குடியுங்கோ. குடிச்சிட்டு நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

பார்ப்போம் என்றேன்.

முன்னறையில் இருந்த ரொஜே மெலிந்த மனிதர். மூக்கில் ஒட்சிசன் குழாய். ஆனாலும் எனக்காக எழுந்து நின்றார். அந்த வீட்டில் என்னை மதித்து எழுந்தவர் அவர் ஒருவர்தான். போத்தலைத் தன் கையாலேயே திறந்தார். நிறம் நாவற்பழக் கறுப்பு, கிண்ணத்தின் மறுபக்கம் விரல் தெரியவில்லை. மணத்தில் பழம், மிளகு, சொக்லேற். இளம் போர்ட் வைனில் இனிப்பு முன்னுக்கு வந்து ஆளை மயக்கும். அதைப் பார்க்கவே கூடாது. விழுங்கிய பிறகு நாக்கில் எது கடைசிவரை நிற்கிறது என்று பாருங்கள். பழமும் துவர்ப்பும் சேர்ந்து நின்றால் நீண்ட ஆயுள். பழம் முதலில் போய்த் துவர்ப்பு மட்டும் நின்றால் ஆயுள் குறைவு. மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் பழம்தான் முதலில் போனது.

அனிற்றா ஒன்பது வயதிலிருந்து எனக்கு மொழிபெயர்த்தவள். ஆஸ்பத்திரி, அகதி விசாரணை, வீட்டுச் சொந்தக்காரர், எல்லா இடத்திலும் அவள் வாய்தான் என் வாய். நான் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. அந்த வயதில் ஒரு சொல்லும் மாற்றியதில்லை. நான் இப்போது தமிழில் சொன்னேன்: "நல்ல வைன். ஆனா பன்னிரண்டு வருஷம்தான். மிஞ்சினாப் பதினைஞ்சு. அதுக்குப் பிறகு வெறும் இனிப்புத் தண்ணி."

அவள் ரொஜேயைப் பார்த்துப் பிரெஞ்சில், தன் தகப்பன் மிகவும் வியந்துபோனார், இருபத்தைந்து வருடம் தாராளமாக நிற்குமாம் என்றாள்.

ரொஜேயின் முகம் மலர்ந்தது. எனக்குப் பிரெஞ்சு மறந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கவேண்டும். பதினாறு வருடம் பிரெஞ்சில் ஓடர் கேட்டவனுக்கு எண்கள் மறக்குமா?

"நொன்," என்றேன். "டூஸ் ஆன்." பன்னிரண்டு வருடம்.

ரொஜே அனிற்றாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு வருடத்தில் லெயாவுக்கு மது தொட வயது வராது. அவர் சொன்னது எனக்கு விளங்கியது, மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை: "அப்போது நானும் இல்லை, அவளாலும் குடிக்கமுடியாது. அப்படியென்றால் இதை யாருக்கு வாங்கினேன்?"

என்னிடம் கேட்டது வைனின் ஆயுளை மட்டும்தான்.

இளம் போர்ட் வைனை முதல் நாளே முடிவாகத் தீர்க்கக்கூடாது. பாதிப் போத்தலை மூடிவைத்து அடுத்த நாளும் பார்க்கவேண்டும். காற்றுப்பட்டும் அசையாமல் நின்றால் உள்ளே பலம் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து குசினியில் ஊற்றினேன். நான் பிழை என்று அந்த வைன் எனக்குக் காட்டவேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, விரும்பினேன். வாயில் வைத்தேன். பழம் முழுதாகப் போயிருந்தது. சீனியும் சாராயமும் மட்டும் மிச்சம்.

திரும்பினால் அனிற்றா வாசலில் நிற்கிறாள்.

"இப்ப எப்பிடி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி விட்டிருந்தாள். எனக்கு அது தெரியும்.

"பத்து," என்றேன்.

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மெட்ரோ வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது, "கவனமாப் போங்கோ அப்பா," என்றாள். நத்தாரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு இரவு தங்க வந்தவன் ஒரு இரவோடு திரும்பினேன்.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தபோது மருமகன்தான் பேசினான். மரியாதையான பையன். அனிற்றா பிள்ளையைக் குளிக்கவார்க்கிறாள் என்றான். பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மிச்சம் பதினொரு போத்தலையும் நிலவறையில் படுக்கவைத்தாயிற்றாம். ரொஜே தானே பெட்டியின் மேல் லெயாவின் பெயரையும் 2030 என்றும் பெரிதாக எழுதினாராம். நான் சொன்னதைக் கேட்ட பிறகும் அப்படித்தான் எழுதினாராம்.

இப்படியொரு பயணம் போக நினைப்பவர்களுக்கு: பஸ் டிக்கெட்டை ஒரு கிழமை முன்னதாக எடுங்கள். சொந்தக் கிண்ணம் கொண்டுபோங்கள், எல்லா வீட்டிலும் சரியான கிண்ணம் இருக்காது. இரண்டாம் லேபல் போர்ட் வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். பிறந்த பிள்ளைக்கு வைக்க விரும்பினால் முதல் லேபல் வரும் வருடத்துக்குக் காத்திருங்கள், பிள்ளை காத்திருக்காவிட்டாலும்.

லவால் நிலவறையில் இருக்கும் அந்தப் பெட்டியை 2018க்கு முன்பே திறக்கவேண்டும். திறந்தால் நல்ல வைன். வண்டல் அடியில் தங்கப் போத்தலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றவேண்டும். இந்தக் கடைசிப் பந்தி அந்த வீட்டுக்காக எழுதியது. அனிற்றாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும்; அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.