ஓடை என்று எழுதிக் கொடுத்தவன்

மராட்டி பேசும் ஊரான ஆகுர்டியில் தகரக் கொட்டகை போட்டு, இரும்பு கடையும் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்தவன் நான். நாலாம் வகுப்பு தாண்டாத இந்தக் கையால் மூன்று லேத், இரண்டு மாடி வீடு, பதினொரு பேருக்கு வேலை என்று எல்லாம் வந்தது. எவன் தயவும் கிடையாது. ஆனால் என் பீரோவில் வீட்டுப் பத்திரத்தைவிடப் பத்திரமாக இருப்பது பழுப்பேறிய ஒரு பஞ்சநாமா நகல். அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கிய தாள். அதில் என் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. என் தப்பும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கொட்டகைக்குப் பின்னால் ஓடும் தண்ணீர் திடீரென்று பச்சையாக வந்தது. மேட்டில் முலாம் பூசும் பட்டறைகளுக்கு அரசாங்கமே மனை ஒதுக்கி, அனுமதியும் கொடுத்திருந்தது. கழிவு போக ஒரு குழாய்கூடப் போடவில்லை. சரக்கு கடல் தாண்டிப் போனது. கழிவு மட்டும் எங்கள் பள்ளத்துக்கு வந்தது. எங்கள் கிணறு அந்தக் கரையில்தான். குடத்துத் தண்ணீரில் துரு வாடை. மனைவியின் விரலிடுக்கெல்லாம் கொப்புளம். கைக்குழந்தைக்கு அவள் பால்மாவு கரைத்ததும் அந்தத் தண்ணீரில்தான்.

தெருவே சேர்ந்து மனுக் கொடுத்ததில் ஓவர்சியர் சாகேப் வந்தார். ஒல்லியான மராட்டிக்காரர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. தண்ணீரைக் காட்டி, "ஹே காய் ஆஹே?", இது என்ன என்று கேட்டார். எல்லோருக்கும் முந்திக்கொண்டு நான்தான், "நாலா, சாகேப்!" என்றேன். இங்கே எங்கள் ஆட்களுக்கு ஓடுகிற தண்ணீரெல்லாம் நாலாதான். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. நாலா என்றால் சாக்கடை, சாக்கடையில் கழிவுதான் போகும், அரசாங்கம் செய்ய ஒன்றுமில்லை.

மனைவி குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஊர்ல ஓடைன்னுதானே சொல்லுவ? இங்க வந்து பெரிய இந்திக்காரனா பூட்டியா? இந்தா, உன் நாலாத் தண்ணி. நீயே குடி."

மறுநாள் சாகேப்பின் அலுவலகத்தில் நின்று, எங்கள் பாஷையில் அது ஓடை என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஓடாவா? எங்க மராட்டியிலயும் அதுதானே, அண்ணா!" பழைய வரைபடத்தை விரித்து விரல் வைத்தார். ஓடா என்றே இருந்தது. இயற்கை நீரோட்டம், அரசாங்கம் காக்க வேண்டியது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பா சொல்லிட்டேன்னு எழுதிக் குடு. ஆனா யோசிச்சுக்கோ. ஓடான்னா கரையில ஆக்கிரமிப்பு இருக்கான்னு அளப்பாங்க. முதல்ல இடியறது உன் கொட்டகை. அடுத்தது என் நாற்காலி, பட்டறைக்கு அனுமதி குடுத்தது மேலிடம்தானே."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவில் ஒன்றை வாங்கினேன். எழுதிக் கொடுத்தேன். கொட்டகையில் பாதி போயிற்று. சாகேப்பை எங்கோ தூக்கி அடித்தார்கள். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடம் கழித்துக் கழிவுக் குழாய் வந்தது.

இப்போது அந்தக் கரையில் நடைபாதை, பெஞ்சு, பளபளக்கும் பலகை. யார் யார் பேரோ இருக்கிறது. சாகேப் பேர் இல்லை, என் பேரும் இல்லை. தலைப்போ, 'நாலா அழகுபடுத்தும் திட்டம்'. படித்ததும் அந்தத் துரு வாடை மூக்கில் ஏறியது. தெருப் பிள்ளைகள் அங்கேதான் கால் நனைக்கிறார்கள். ஒரு சொல்லை வைத்து முன்பு கைகழுவியவர்கள், நாளைக்கும் அதையே எடுத்துக் காட்ட மாட்டார்களா?

பலகை வைத்தவர்களே, நாலாவை ஓடை என்று திருத்துங்கள். சாகேப் பேரையும், அதற்குக் கீழே என் பேரையும் போடுங்கள். ஆதாரம் கேட்டால் பீரோவில் பஞ்சநாமா இருக்கிறது. தப்பாகச் சொன்னவனும் நான்தான், கொட்டகையைக் கொடுத்துத் திருத்தியவனும் நான்தான்.