அத்தையைக் கேட்காமல் அச்சில் ஏற்றலாமா?

"…பேரை மறைச்சாப் போதுமா சார்? எங்க அத்தை வாயில வர்ற சொல்லு இந்த ஊருல வேற யாரு வாயில வரும்? முதல் வரியைக் கேட்டதுமே 'இது அவுகதான்'னு சொல்லிருவாக. நாங்க நாலு வீட்டுப் பொண்ணுக படிச்சுச் சிரிக்க எழுதுனோம். அச்சுல வந்துச்சுன்னா எம் பொழப்புல்ல சிரிப்பாச் சிரிச்சுப் போகும்!"

சொன்னவள் காமயகவுண்டன்பட்டி செல்லத்தாயி. முழித்தவர் என் சிநேகிதர், மதுரையில் காலேஜ் வாத்தியார். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

செல்லத்தாயியும் அவள் தோழிகளும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். இந்த யுத்த காலத்தில் காகிதம் குதிரைக்கொம்பு. ஆகவே மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். என் மனைவி பிறந்த ஊரும் அதுதான்; அவள் முறைக்கு எங்கள் வீட்டுக்கும் வரும். இந்த மாதம் அதில் 'மாமியார் மொழி' என்று ஒரு பகுதி — மாமியார் திட்டும் சொலவடைகள், சூடு ஆறாமல்! எழுதியவள் பெயர் மட்டும் இல்லை.

கிராமத்துப் பேச்சைப் பற்றி ஆராய்ச்சிப் புத்தகம் எழுதுகிறவர் நண்பர். எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் இதைப் பார்த்தார். அவ்வளவுதான், பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு அத்தியாயமே இதில் இருக்கிறதய்யா!"

"எழுதினவளைக் கேட்க வேண்டாமா?"

"பெயரும் இல்லை, விலையும் இல்லை. யாரைக் கேட்பது?"

வேலி இல்லை என்பதற்காக, நட்ட ஆள் இல்லாமலா தோட்டம் முளைத்தது? எழுதியது யார் என்று என் மனைவிக்குத் தெரியும். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ்ஸில் அவரை ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்கிறீர்களா? வாராவாரம் இந்தப் பத்தியில் நான் அள்ளி விடும் சொலவடைகளில் எது என் சொந்தம்? பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது கொஞ்சம். களத்துமேட்டிலும் சந்தையிலும் பேசியவர்கள் கொடுத்தது மிச்சம் அத்தனையும். அவர்கள் வாயில்தான் என் வண்டி ஓடுகிறது. நன்றி சொல்வது அப்புறம்… முதலில் கேட்டு வாங்க வேண்டாமா?

சரி, கதைக்கு வருகிறேன். செல்லத்தாயி சொன்னதைக் கேட்ட நண்பர், தான் காப்பி செய்த தாள்களை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"வேண்டாம்மா. உனக்குச் சங்கடம் என்றால் இந்த அத்தியாயமே எனக்கு வேண்டாம்."

சொல்லி வாய் மூடவில்லை — புல்லுக்கட்டோடு மாமியார் வந்து நின்றார்.

"வந்தவுகளுக்கு மோரு குடுத்தியாடி? அதென்ன தாளு, கையில?"

பத்திரத்தாள் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான்கூட வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் செல்லத்தாயி, அத்தியாயத்தையே விட்டுக்கொடுத்த நண்பரை ஒரு பார்வை பார்த்தாள். தாளை விரித்தாள். படித்தே விட்டாள்!

"'ஆடிக் காத்துகூட ஆவணியில அடங்கும், எம் மருமக வாயி எந்த மாசத்துல அடங்கும்?'"

நிறுத்தவில்லை, கடைசி வரைக்கும் படித்தாள். நண்பர் கூரையைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்… ஓடுவதற்கு வழி வேண்டுமே!

மாமியார் புல்லுக்கட்டை இறக்கி வைத்தார்.

"நான் சொன்னதுதான். ஒண்ணுகூடப் பொய்யில்ல. ஆனா ஏண்டி, நான் பேசுனதை மட்டும் எழுதியிருக்க? நீ பதில் பேசுனதெல்லாம் எங்க போச்சு? நான் என்ன செவுத்தோடயா சண்ட போட்டேன்?"

"நான் என்ன சொன்னேன்… ஞாபகமில்லையே அத்தே."

"எனக்கு இருக்கு. 'காத்தடிச்சாத்தான் அத்தே பதரு பறக்கும்'னு சொன்ன. அன்னைக்கு ராவு எனக்குச் சோறு எறங்கல! அதையும் சேத்து எழுது. பெறகு சாரு அச்சடிக்கட்டும்."

செல்லத்தாயி நண்பரிடம் பேனாவை வாங்கிக்கொண்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல, தன் வாய்த்துடுக்கைத் தானே எழுதிக்கொண்டாள்.