பத்து எழுத்து

உளுந்து மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் மருந்துக்கடையில் போய் 'ஒரு செட்டு' என்றால் போதும். மூன்று நான்கு மாத்திரைகளை நறுக்கிப் பொட்டலமாகத் தருவார்கள். என்ன மாத்திரை என்று நான் கேட்டதில்லை. கூட்டத்தில் எனக்குக் குரல் வராது.

அப்படி இரண்டு வாரம் விழுங்கியதில் ஒரு நாள் கண் எரிந்தது, உதடு வெந்தது. மறுநாள் சட்டையைக் கழற்றினால் முதுகுத் தோலும் கூடவே வந்தது. துணியில் படுக்க முடியாததால் பெரிய ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடத்தினார்கள். கிழியாத அகல இலையாகத் தேடி என் மனைவி தினமும் வாங்கி வந்தாள். பார்க்க வந்த மண்டிக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, எல்லாருக்கும் எலையில சோறு போடுவாவ. இங்கன எலையில உம்மையே போட்டுட்டாவ" என்றார். சிரிக்க உதடு பிரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதித் தந்தார். "இந்த வலி மருந்துதான் உங்க தோலை உரிச்சது. இன்னொரு தடவை உள்ள போனா உயிர் தங்காது. மேல பெருசா இருக்கற பேர் கடைக்குக் கடை மாறும். இந்தப் பேர் அடியில பொடியா எழுதியிருக்கும், அதைப் பாருங்க. எங்களைக் கேக்காம எந்த வலி மாத்திரையும் போடாதீங்க."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் மூட்டைமேல் இருக்கும் வியாபாரி குறியைப் பார்த்து லாரியில் ஏற்றுகிறவன் நான். சீட்டில் இருந்த பெயரின் பத்து எழுத்தையும் அப்படித்தான் மனதில் பதித்துக்கொண்டேன். மூன்றாவதும் கடைசியும் ஒரே எழுத்து.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவாய்ப் பல் வலி. டாக்டர் யாரும் இல்லை. வலி பொறுக்காமல் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கத்தரியை எடுத்தார்.

"எனக்கு ஒத்துக்காத மாத்திரை ஒண்ணு இருக்கு. நறுக்காம முழு அட்டையக் காட்டுங்க" என்றேன்.

"அண்ணாச்சி எத்தனாப்பு படிச்சிருக்கிய?"

"அஞ்சாப்பு."

"அப்ப அதுல என்னத்த வாசிக்கப் போறிய? இது ஒண்ணும் செய்யாது, எல்லாரும் வாங்குத மாத்திரைதான்."

பின்னால் நின்றவர், "வாங்கிட்டு நகருமய்யா. பரீட்சையா எழுதுதீரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வழக்கமாக அந்த இடத்தில் திரும்பிப் போய்விடுவேன். அன்று சட்டைப்பையிலிருந்து டாக்டரம்மா தந்த சீட்டை எடுத்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் விரித்தேன். மாத்திரை அட்டையை நானே இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். கொட்டை எழுத்தில் இருந்தது வேறு பெயர்தான். அடியில் பொடி வரியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். பத்தும் இருந்தன.

"நீங்க படிச்சவிய. வாசிங்க."

கடைக்காரர் சீட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"சொன்னேன். நீங்க கேக்கல."

தோல் போனதிலிருந்து கழுத்துவரை பட்டன் போட்டுத்தான் வெளியே வருவேன். உள்ளே திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும். இரண்டு பட்டனைக் கழற்றி, கேலி பேசியவர் பக்கம் திரும்பினேன்.

"பரீட்சைதான்யா. ஒரு தடவ தோத்தது இது."

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தே அந்த நாளை ஓட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டித்தான் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

இன்றும் அதே கடைக்குத்தான் போகிறேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிடுகிறார். பின்னால் நிற்பவர்கள் முனகுகிறார்கள். முனகட்டும். பொடி வரியைக் கடைசி எழுத்துவரை பார்த்து முடிக்காமல் நகர மாட்டேன்.