ஐந்தரைக் கட்டைக்கு நான் ஏறவில்லை

பெண்ணாக இருந்தும் எனக்குத் தாழ்ந்த குரல். சுன்னாகத்தில் விதை வெங்காயம் பற்றி விவசாயிகள் தொலைபேசியில் விசாரிக்கும் ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன். பாதிப்பேர் என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார்கள். அது என்னை ஒருநாளும் வருத்தியதில்லை. வருத்தியது கோப்பாயில் நடந்த பாட்டு வகுப்பு.

நாற்பது வயதில் அங்கே சேர்ந்தேன். பதினொரு பெண்கள். ஆசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். வந்ததும் சுருதிப்பெட்டியை ஐந்தரைக் கட்டையில், பெண்கள் வழக்கமாகப் பாடும் உயர்ந்த சுருதியில், வைப்பார். அதுதான் எல்லோருக்கும் ஆதார ஸட்ஜம். மற்றவர்கள் மேல் ஸட்ஜத்தைச் சிரித்துக்கொண்டே தொட, எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு காற்று மட்டும் வரும்.

"ரீச்சர், எனக்கு ரண்டு கட்டை போதும்," என்றேன்.

"அது ஆம்பிளையளின்ரை சுருதி. அவ்வளவு இறக்கினால் மோகனம் மோகனமா இராது."

கோயிலில் நவராத்திரி நிகழ்ச்சி நெருங்கியபோது, "நீங்கள் பின்வரிசையிலை நிண்டு வாயை மட்டும் அசையுங்கோ," என்றார். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய் அக்காவின் மகளுடைய சின்னக் கீபோர்டை எடுத்து வைத்தேன். ஐந்தரையில் மோகனம் வாசித்தேன். பிறகு இரண்டில் வாசித்தேன். விரல் படும் கட்டைகள் வேறு; ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் இம்மியும் மாறவில்லை. அதே மோகனம், சற்றுக் கீழே குடியிருந்தது. அப்படியானால் ராகம் எப்போதுதான் மாறும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பின்னேரம் பிடிபட்டது. மறுவாரம் கீபோர்டைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

"ரீச்சர், அஞ்சு நிமிசம் தாங்கோ."

சுருதியை நாலரையில் வைத்து, ஐந்து கறுப்புக் கட்டைகளையும் நாலரையிலிருந்து வரிசையாக வாசித்தேன். "இது என்ன?"

"மோகனம்," என்றார்கள் எல்லோரும்.

சுருதியை மட்டும் ஐந்தரைக்கு ஏற்றினேன். அதே ஐந்து கட்டைகளை ஐந்தரையிலிருந்து தொடங்கினேன். "மத்தியமாவதி," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்.

"சுரங்கள் அப்பிடியே இருக்க, ஸட்ஜம் மட்டும் இடம் மாறினால்தான் ராகம் மாறும். ஸட்ஜத்தோடை எல்லாச் சுரமும் சேர்ந்து இறங்கினால் ராகத்துக்கு ஒண்டும் ஆகாது. என்ரை குரல் மோகனத்தைக் கெடுக்கேல்லை, ரீச்சர்."

"உது கணக்கு. சங்கீதம் இல்லை."

"ஓம், கணக்குத்தான். ஆனால் சரியான கணக்கு. நான் வாயசைக்க மாட்டன்."

குழுவில் எனக்கு இடம் இல்லையென்றார். தனிப்பாட்டுக்குப் பெயர் எழுதும் தாளைக் கோயில் சபைக்காரரிடம் கேட்டு வாங்கி, நானே என் பெயரை எழுதினேன்.

மேடையில் கைபேசியில் சுருதியை இரண்டு கட்டைக்கு வைத்தேன். முதல் வரி முடிவதற்குள், "ஆரப்பா, ஆம்பிளை பாடுதோ?" என்று ஒரு பெண் சிரித்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே பாடினேன். மேல் ஸட்ஜம் வந்தது. நரம்பு புடைக்கவில்லை, காற்றாகப் போகவில்லை, நின்றது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் அதில் நின்றேன்.

இறங்கி வந்தபோது ஆசிரியை, "சுருதி சேர்ந்துதான் இருந்தது," என்றார்.

வகுப்பை நான் விடவில்லை. குழுப்பாட்டு இன்றும் ஐந்தரையில்தான். அது முடியும்வரை கையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பேன், உதடு அசையாது. என் முறை வந்ததும் யாரையும் கேட்காமல் எழுந்துபோய்ச் சுருதியை இறக்குவேன். போன மாதம் நான் பாடி முடித்துச் சுருதியைத் திரும்ப ஐந்தரைக்கு ஏற்றப் போனபோது, பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்து, "அதை மாத்தாதேங்கோ அக்கா, நானும் உதிலையே பாடிப் பாக்கிறன்," என்றாள்.