ஆல்முத் வாசித்த வேகம்

வட ஜெர்மனியின் கடலோர ஊரான ஓஸ்டர்வார்ஃபின் தேவாலய ஏடுகளில் ஆல்முத் உல்ஃபெர்ட்ஸ் என்ற பெயருக்கு எதிரே 'மாற்று வாசிப்பாளர்' என்றுதான் இருந்தது. யாருக்கு மாற்று என்று கேட்டால் சபையில் ஒருவரிடமும் பதில் கிடையாது. அங்கே குழல் ஆர்கன் வாசித்தவர் போருக்குப் போனார்; திரும்பவில்லை. அன்றுமுதல் அந்த இருக்கையில் உட்கார்ந்தவள் இவள்தான். வாரநாளெல்லாம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வெண்ணெய் கடைவாள். ஞாயிற்றுக்கிழமை, விரலில் அந்த வாசம் போகாமலே ஆர்கனில் கைவைப்பாள். நிறைமாதத்தில்கூட இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, எட்டிய காலால் பெடலை மிதித்தாள். செத்துப்போனவனுக்கு உயிரோடிருப்பவள் மாற்றாம். பெண் என்பதைத் தவிர அவளிடம் சபை வேறு குறை கண்டதில்லை. அந்தக் குறையையும் வாய்விட்டுச் சொல்லத் துணிந்ததில்லை.

அந்த ஆர்கனும் லேசுப்பட்டதல்ல. பழைய காலத்துச் சுருதியில் செய்தது; இன்றைய வாத்தியங்களைவிட ஏறக்குறைய ஒரு சுரம் தூக்கலாகப் பேசும். குழல்களை மாற்றிச் சுருதியை இறக்கித் தருகிறோம் என்று நகரத்திலிருந்து வந்தவர்களை ஊர் வாசலோடு அனுப்பியது. கிறிஸ்துமஸ் வந்தால் பாடகர் குழுப் பெண்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆர்கனைத் திட்டுவார்கள். வெளியூர்க்காரன் திட்டினால் விடமாட்டார்கள்.

அறுபத்திரண்டில் ஹாம்பர்கிலிருந்து லெஸ்மன் என்ற ஒலிப்பதிவாளர் வந்தார். கிழக்கு ஃப்ரீஸியாவின் பழைய ஆர்கன்களை, அவற்றை வாசிப்பவர்களைக் கொண்டே பதிவு செய்து இசைத்தட்டாக்கும் வேலை. ஆல்முத் ஜி மைனர் என்ற சுருதியில் ஒரு பழைய ஆசானின் படைப்பை எடுத்துக்கொண்டாள். அது இறுக்கமாகத் தொடங்கும்; போகப்போகக் கால் தரையில் நிற்காது; முடியும்போது நடனம். மைனர் என்றால் ஒப்பாரி என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டதில்லை. வாசித்து முடித்து இறங்கியபோது முதுகெல்லாம் வியர்வை. தன் ஆயுளில் இதைவிட நன்றாக வாசித்ததில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மாதிரித் தட்டு இலையுதிர் காலத்தில் வந்தது. சபை ஒப்புதல் தந்தால்தான் வெளியாகும். பாஸ்டர் தியார்க்ஸின் வீட்டில் தேநீர் வைத்து எல்லோரும் கூடினார்கள். கோப்பைகளில் சூடான தேநீர் பட்டுக் கற்கண்டு வெடித்தது, மேலே பாலாடை மிதந்தது, தட்டு சுழன்றது.

கனமாக, தாழ்ந்து, இழுத்து இழுத்து வந்தது இசை. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபைத் தலைவர் ஐலர்ஸ், கடலணைக்கும் அவரே தலைவர், அந்த வருடம் வந்த கடல் வெள்ளத்தில் போனவர்களை நினைத்து வாசித்தது போலிருக்கிறது என்று மெச்சினார். தட்டோடு வானொலிக்காக வந்திருந்த சீட்டைப் பாஸ்டர் வாசித்தார். வேகம், மெல்ல. சுருதி, ஜி மைனர். உணர்வு, ஒரு பெண்ணின் துயரம்.

ஆல்முத் முதல் கோப்பையிலேயே கரண்டியைப் போட்டாள். போதும் என்று அர்த்தம். மூன்று கோப்பைக்கு முன்னால் அப்படிச் செய்வது வீட்டுக்காரரை அவமதிப்பது.

"இது நான் வாசிச்சது இல்ல," என்றாள்.

பாஸ்டரின் தொலைபேசியிலேயே ஹாம்பர்கைக் கூப்பிட்டாள். பதிவில் சுருதி ஏறிக் கேட்டதால் தன் இயந்திரம்தான் வேகமாக ஓடிவிட்டது என்று லெஸ்மன் முடிவு கட்டியிருக்கிறார். ஜி மைனர் ஜி மைனராகக் கேட்கும்வரை ஒலிநாடாவின் ஓட்டத்தைக் குறைத்திருக்கிறார். நாடா மெதுவானால் சுருதி மட்டுமா இறங்கும்? வேகமும் விழுந்தது, வேகத்தோடு உற்சாகமும் போனது. விஷயம் புரிந்ததும் அந்த மனிதர் சால்ஜாப்பு சொல்லவில்லை. ரொம்பக் கவனமாகச் செய்த தப்பு என்று தன்னைத்தானே கேலி செய்து சிரித்தார். சபை சொன்னால் உடனே திருத்திவிடுவதாகவும், லைனிலேயே இருப்பதாகவும் சொன்னார்.

சபை சொல்லத் தயாராயில்லை.

"தப்போ சரியோ, இதுல பக்தி இருக்கு ஆல்முத்," என்றார் ஐலர்ஸ். "நீ வாசிச்சபடியே விட்டா, கோயில்ல ஒருத்தி ஆடுறான்னு ஊர் சிரிக்கும்."

"பக்தி மெஷினோடது ஐலர்ஸ். அப்ப தட்டுல மெஷின் பேரையே போடுங்க. என் பேர் வேண்டாம்."

அவர் அசையவில்லை. பெயரில்லாமலே போடலாமே என்று சொல்லக்கூடியவர்தான். அதற்குள், பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடும் கேஸ்கே, பாஸ்டரின் மனைவி, தேநீர்க் கெண்டியோடு நின்றபடியே கேட்டாள்:

"இந்தத் தட்டு சுத்துறப்ப நானும் கூடவே மெல்லப் பாடிப் பாத்தேன். தொண்டை வலிக்கவே இல்ல. இது எந்த ஊர் ஆர்கன்?"

ஐலர்ஸின் காது சிவந்தது. குழல்களைத் தொடவிடாமல் வாசலில் நின்றவர்களில் அவருடைய பாட்டனாரும் ஒருவர். ஊர் காத்த சுருதியை ஹாம்பர்கில் ஒருவன் ஒரு திருகைத் திருகி இறக்கிவிட்டான். அதற்கு இவர் மெச்சி ஒப்புதல் தர இருந்தார். திருத்தச் சொல் என்று முனகினார்.

ஆல்முத்துக்கு அது பாதி வெற்றிதான். அவளுடைய வாசிப்புக்கு இல்லாத மரியாதை ஈயக் குழலுக்கு இருந்தது. கிடைத்த பாதியோடு வீட்டுக்குப் போகிறவளல்ல அவள். தொலைபேசியை மறுபடி எடுத்தாள். சீட்டையும் மாற்ற வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

"வேகம், துள்ளல். சுருதி, ஜி மைனர், ஓஸ்டர்வார்ஃப் ஆர்கன்ல ஒரு சுரம் மேல கேக்கும், யாரும் இறக்கக்கூடாது. உணர்வு..." கொஞ்சம் யோசித்தாள். "பெருமிதம். துயரம்னு எழுதினீங்கன்னா நானே அங்க வந்து அடிப்பேன்."

வாசித்தவர் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று மறுமுனையில் லெஸ்மன் கேட்டார். அவள் ஐலர்ஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆல்முத் உல்ஃபெர்ட்ஸ். ஓஸ்டர்வார்ஃப் ஆர்கன் வாசிப்பாளர்."

ஐலர்ஸ் வாயைத் திறந்தார். கேஸ்கே அவர் கோப்பையை நிரப்பினாள். அவர் குடித்தார்.