கண்ணாடியில் வளர்ந்த காய்ச்சல்

கல்யாணமான முதல் வருடம் எனக்கு இளஞ்சிவப்பு நிறத்தில்தான் நினைவிருக்கிறது. அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் கால்நடை டாக்டர். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, சோளக்காடு சூழ்ந்த ஒரு பண்ணையில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் என்று ஓர் அறையைக் கொடுத்திருந்தார்கள். காலையில் அவர் இன்குபேட்டரைத் திறந்து தட்டையான கண்ணாடிப் புட்டிகளை எடுத்து ஜன்னலோரம் பரப்புவார். ஒவ்வொரு புட்டியிலும் ரோஜா நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் வெயில் அதில் பட்டு, சுண்ணாம்புச் சுவரெல்லாம் அந்த நிறம் அசைந்துகொண்டிருக்கும்.

நான் சேலம் டவுனில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வளர்ந்தவள். கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். படித்ததை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பண்ணைக்கு வந்த புதிதில் பகல் பொழுது போகவே போகாது. "சும்மா இருக்கிறதுக்கு அங்க வந்து உட்காரேன்" என்று இவர்தான் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தவள் அப்படியே வேலைக்காரியாகிவிட்டேன்.

புட்டிக்குள் இருந்தவை பன்றிக்குட்டியின் சிறுநீரகச் செல்கள். செரிமானச் சாறு போன்ற ஒன்றில் ஊறவைத்தால் சிறுநீரகம் துகள் துகளாகப் பிரியும். அந்தத் துகள்கள் கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று தொட்டபடி பாய் விரித்தாற்போல் படரும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. வானத்திலிருந்து ஏதோ ஊரைப் பார்ப்பது போலிருக்கும். நாங்கள் ஊற்றும் தண்ணீரில் சர்க்கரை, உப்பு, மாட்டு ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர், இன்னும் சில பொருள்கள் உண்டு. செல்கள் சர்க்கரையைத் தின்னத் தின்னத் தண்ணீர் புளிக்கும், ரோஜா நிறம் மஞ்சளாகும். மஞ்சளானால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அது என் வேலை.

இந்தப் புட்டிகளில் இவர் வளர்க்க நினைத்தது பன்றிக் காய்ச்சல் வைரஸை. இப்போது மனிதர்களுக்கு வருவதாகச் சொல்கிறார்களே, அது வேறு. இது பன்றிக்கு மட்டும் வருவது. மழைக்காலத்தில் ஒரு பட்டியில் நுழைந்தால் ஒன்றையும் விட்டுவைக்காது. கண்ணாடியில் வளர்த்து வளர்த்து அதன் வீரியம் குறையச் செய்தால், தடுப்பூசிக்கு ஆகும் என்பது இவருடைய எண்ணம்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. வைரஸ் உள்ளே இருந்தாலும் செல்கள் சாவதில்லை, உருமாறுவதும் இல்லை. வைரஸ் குடியேறிய புட்டியும் குடியேறாத புட்டியும் பார்வைக்கு ஒன்றுதான். அந்தத் தண்ணீரை ஒரு பன்றிக்குட்டிக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

குட்டிகளை வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மாட்டுவண்டியில் கொண்டுவருவார். நடுத்தர வயது, விதவை, அதிகம் பேசமாட்டார். போன மழையில் அவருடைய பட்டியில் பாதிக்கு மேல் இந்தக் காய்ச்சலில் போயிருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, இதுவளுக்குக் கஞ்சி வெதுவெதுன்னு குடுங்க, ஆறிப்போனாக் குடிக்காதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

மார்கழியில் எல்லாம் சரியாக நடந்தது. ஊசி போட்ட குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. மாசி பிறந்து வெயில் ஏறியதும் நின்றுபோயிற்று. செல்கள் இருந்தன, முன்பு போல் கொழுகொழுவென்று இல்லாவிட்டாலும் உயிரோடு இருந்தன. ஊசி போட்ட குட்டிகள் மட்டும் துள்ளி விளையாடின. வைரஸ் செத்துவிட்டது என்று நினைத்து இவர் ஒரு நோய்ப்பட்ட பன்றியின் ரத்தத்தைத் தேடிப்பிடித்து வந்து புதிதாக விதைத்தார். அப்போதும் காய்ச்சல் இல்லை.

எனக்கு அது தவக்காலம், ஒரு வேளைதான் சாப்பாடு. மத்தியான அனலில் கண் செருகும். புட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சுவரும் நானும் அந்த நிறமும் ஒன்றாகிவிட்டது போலிருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னருகே உட்கார்ந்தார்.

"உன்னைப் பார்த்து இதுங்களும் நோன்பு இருக்குதோ என்னவோ."

"நோன்பு இருந்தா தண்ணி மஞ்சளாகாதே. ஆகுதே. சர்க்கரையைத் தின்னுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. "சர்க்கரையைத் தின்னுது. வேற எதைத் தின்னலை?"

அந்தக் கேள்வியிலேயே நாங்கள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். வைரஸுக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது, செல்லின் அடுப்பில்தான் அது சமைத்துக்கொள்ள வேண்டும் என்றார் இவர். செல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கக் கொஞ்சம் போதும், ஆனால் வைரஸையும் சேர்த்து உண்டாக்க அது போதாமல் இருக்கலாம். வேறொரு வைரஸைப் பற்றி வெளிநாட்டில் அப்படி எழுதியிருந்ததை மதராஸ் நூலகத்தில் படித்த ஞாபகம் அவருக்கு இருந்தது. குளூட்டமின் என்ற ஒரு பொருள் இல்லாவிட்டால் அந்த வைரஸ் பெருகவில்லையாம்.

எங்கள் தண்ணீரிலும் குளூட்டமின் இருந்தது. அதைக் குளிர்காலத்திலேயே கரைத்து மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். நான் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் புட்டியைத் தொட்டேன். ஜில்லென்று இல்லை. குளூட்டமின் கரைசல் சூட்டில் தானாகவே கெட்டுப்போகும் என்பது நான் படித்ததுதான். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், இரண்டு பேரும் அதுவரை யோசிக்கவில்லை.

மறுநாள் பொடியை நிறுத்துப் புதிதாகக் கரைத்தோம். பாதிப் புட்டிகளுக்குப் பழையது, பாதிக்குப் புதியது. விதைத்த வைரஸ் ஒன்றுதான். அந்த அம்மாள் கொண்டுவந்த இரண்டு குட்டிகளைத் தனித்தனிக் கொட்டடியில் விட்டு, ஒன்றுக்குப் பழைய புட்டித் தண்ணீரையும் மற்றதற்குப் புதியதையும் ஊசி போட்டோம். பழையது ஏறிய குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றது ஒரு காலையில் கஞ்சியை முகர்ந்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. இவர் தெர்மாமீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அம்மாள் அடுத்த கூடையோடு வந்து வேலிக்கு அப்பால் நின்றார். நோய் அவருடைய பட்டிக்குத் தொற்றிவிடக் கூடாதென்று உள்ளே விடமாட்டோம். பூட்ஸை பினாயிலில் கழுவிக்கொண்டு இவர் மட்டும் வேலியருகே போய், "காய்ச்சல் வந்துருச்சுங்கம்மா. நல்லபடியா வந்துருச்சு" என்றார்.

அம்மாள் கொட்டடிப் பக்கம் பார்த்தார்.

"நல்லதுதானுங்க சாமி. அதுக்குத் தெரியாதுங்களே."

அம்மாள் குறையாகவும் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது போலத்தான் சொன்னார். அன்று மத்தியானம் நான் கஞ்சியைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு போனேன். குட்டி குடிக்கவில்லை. அதன் காதுகள் கருஞ்சிவப்பாகியிருந்தன. கொட்டடி ஓரத்தில் குந்தி, சோளத்தட்டையில் காற்று உரசும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சில நாளில் அது இறந்ததும் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

எங்கள் புட்டிகளிலிருந்து தடுப்பூசி வரவில்லை. வைரஸ் நன்றாக வளர்ந்தது, வீரியம் மட்டும் குறையவே இல்லை. அதற்குள் முயலில் வளர்த்துப் பக்குவப்படுத்திய தடுப்பூசி வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. இவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம், காட்டிக்கொள்ளவில்லை. ஐஸ் நிரப்பிய பிளாஸ்கை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஜீப்பை எடுத்தார்.

ஐப்பசி மாதம். வெண்ணந்தூர்ப் பாதை சேறாகக் கிடந்தது. எங்கோ தறிச்சத்தம் கேட்டது. அம்மாள் ஒவ்வொரு பன்றியாகக் காலைப் பிடித்து அமுக்க, இவர் ஊசி போட, நான் மருந்தை ஏற்றிக் கொடுத்தேன். பன்றிகள் போட்ட கூச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அந்த மழையில் பக்கத்து ஊர்களிலெல்லாம் காய்ச்சல் வந்தது. அவருடைய பட்டியில் வரவில்லை.

அன்று ஊசி முடிந்ததும் அம்மாள், "ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க சாமி, காப்பி வெக்கறேன்" என்றார். சாப்பிட்டோம், கருப்பட்டிக் காப்பி. அம்மாள் எழுந்து போய்ப் பட்டியின் படலைத் திறந்துவிட, பன்றிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தூறலில் ஏரிக்கரைப் பக்கம் ஓடின.