விதை டீசல் ஊற்றிய லாரியைப் பார்க்கப் போனேன்

காலை ஆறே காலுக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். களியக்காவிளை வரைக்கும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்க மனமில்லை. சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. பாறசாலையைச் சேர்ந்த தங்கராஜ் என்ற லாரிக்காரர் நான் எழுதும் பத்திரிகைக்கு எழுதியதை, அவர்கள் எனக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். போன வருடம் காரக்கோணம் பக்கம், ஓய்வுபெற்ற தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ரப்பர் விதையை ஆட்டி, அந்த எண்ணெயில் ஏதோ சாராயமும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, டீசல் போல ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் பயோடீசல் என்கிறார்களாம். அவர் விதை டீசல் என்றார். நாலு பங்கு டீசலில் ஒரு பங்கு இதைக் கலந்து, தன் ஜீப்பில் என்னை எட்டு கிலோமீட்டர் கூட்டிப்போனார். எட்டே எட்டு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் புகழ்ந்து தள்ளிவிட்டேன்.

தங்கராஜ் அதைப் படித்து, ஆசிரியரிடம் போய் வாங்கி, தன் லாரியில் ஊற்றியிருக்கிறார். 'கட்டுரையில் கண்டபடியே கலந்தேன். வண்டி நின்றுவிட்டது. நான் எங்கே பிழை செய்தேன் என்று தெரிவிக்கவும்' என்று எழுதியிருந்தார். வைதிருந்தால் பேசாமல் வீட்டில் கிடந்திருப்பேன்.

ஏழே முக்காலுக்குக் களியக்காவிளை. ஒன்றரை ரூபாய்க்கு ஒரு டீ. பஸ் மாறி மூன்று கிலோமீட்டர் போனால் பாறசாலை. தேய்த்த சட்டையோடு நிறுத்தத்திலேயே நின்றிருந்தார் தங்கராஜ். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"சாரு நேரா வருவியன்னு நான் நெனைக்கல்ல," என்றார்.

வீட்டு முற்றத்தில் லாரி மூன்று வாரமாகக் கிடக்கிறது. கேபினில் என் கட்டுரை, பிளாஸ்டிக் உறைக்குள், வரிக்கு வரி சிவப்புப் பென்சில் கோட்டோடு. "எழுத்து விடாம வாசிச்சேன் சார். அளந்துதான் ஊத்தினேன். எங்க தெத்திச்சுன்னு எனக்குப் பிடிகிட்டல்ல," என்றார். தெத்து என்றால் இங்கே தவறு.

அவர் மனைவி லீலா பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார். என்னிடம்தான் பேசினார், கணவரைப் பார்க்கவில்லை. "வேண்டாம், வேண்டாம்னு நான் சொன்னேன் சாரே. பதினெட்டு வருசம் வண்டி ஓட்டின ஆளாக்கும். லோடு தந்த வாழைக்குலைக்காரரு இப்பம் வேற வண்டி பிடிச்சாச்சு. ஒழுங்கா வாசிக்கவும் தெரியாதவருன்னு ஊருல பேரும் ஆச்சு."

தங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் சாயாவைப் பாதியில் கீழே வைத்தேன்.

ஒன்பதரைக்கு நெய்யாற்றின்கரை பஸ். அங்கே பழுது பார்க்கக் கொடுத்திருந்த லாரியின் டீசல் பம்பை வாங்கி வர வேண்டும். பத்து கிலோமீட்டர்தான், அமரவிளை சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதால் முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு லாரியையும் தங்கராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பம்ப் கடைக்காரர் சசி, மலையாளி. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். கழற்றிய சாமான்களை ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தார். பில்டரை அறுத்துக் காட்டினார். உள்ளே கறுப்புச் சேறு.

"தா, நோக்கு சாரே. டாங்கில ஒட்டிக் கெடந்த பழைய அழுக்காக்கும் இது. டீசல் அதைத் தொடாது. இந்த விதை எண்ண அதையெல்லாம் கழுகிக் கொண்டுவந்து இங்க அடச்சு வச்சு."

அடுத்து ஒரு டீசல் ஹோஸ். கட்டைவிரலால் அழுத்தினால் சாயாவில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. "ரப்பர் மரத்துக்க எண்ண, ரப்பரைத் தின்னுது," என்று சிரித்தார். பம்பின் உள்பாகத்தில் துரு. மழையில் நாலைந்து நாள் வண்டி ஓடாமல் கிடந்ததா என்று கேட்டார். கிடந்தது என்றார் தங்கராஜ். "அதாக்கும். இது வெள்ளத்தை வலிச்சு எடுக்கும்." வெள்ளம் என்று அவர் சொன்னது தண்ணீரை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எவனோ பத்திரிகையில எழுதினானாம். அவனைக் கண்டா இந்தப் பம்பை அவன் தலையில தூக்கி வைக்கணும்."

தங்கராஜ் என் பக்கமே திரும்பவில்லை. "அவரு மேல ஒண்ணும் இல்ல சசி. நான் வாசிச்சதுதான் சரியில்ல," என்றார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. எழுதியவன் நான்தான் என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். இவ்வளவையும் அந்தக் காரக்கோணம் ஆசிரியர் அன்றே சொன்னார், எழுதிக்கொள்ளவும் சொன்னார். எழுதினேன், நான்கு வரி. பத்திரிகை இரண்டு பக்கம்தான் கொடுத்தது. ரப்பர்க் காய் வெயிலில் பட்டென்று வெடிப்பதை வர்ணித்து ஒரு பத்தி வைத்திருந்தேன். அதை விட மனசு வரவில்லை. நான்கு வரியை வெட்டினேன்.

சசி ஹோஸைத் தட்டில் போட்டார். தங்கராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன்.

"அப்பம் எனக்க தெத்து இல்ல?"

"இல்லை."

"நான் வாசிச்சதுல அது இல்லவே இல்ல?"

"இல்லவே இல்லை."

அந்த மனிதர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். கோபமே வரவில்லை அவருக்கு. "இதை லீலாட்ட ஒருக்க சொல்லணும் சார். நான் சொன்னா நம்பமாட்டா."

ஒன்றே காலுக்கு, பம்பைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாறசாலை திரும்பினோம். லீலா முன்னால் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"அந்த நாலு வரி எம்புடு எடம் பிடிக்கும் சாரே?"

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பி, "சோறு எடுக்கட்டா?" என்றார். மூன்று வாரமாகத் தானே போட்டுச் சாப்பிட்டதாகத் தங்கராஜ் பின்னால் சொன்னார்.

நாலே முக்காலுக்குப் பம்ப் மாட்டி, டாங்கைக் கழுவி, புது ஹோஸ் போட்டு, வெறும் டீசலில் ஸ்டார்ட் செய்தார். மூன்றாம் முறை பிடித்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது லீலா வாசலில் நின்று, "இனி எழுதும்பம் அந்த நாலு வரியையும் எழுதணும்," என்றார்.

எழுதுகிறேன். பாறசாலையின் அந்திவானத்துக்கு ஒரு பத்தி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் போடுகிறேன். விதை டீசல் கலப்பதற்கு முன் டாங்கைக் கழுவுங்கள். முதல் இரண்டு டாங்க் தீர்ந்ததும் பில்டரை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸும் வாஷரும் ஊறி இளகும், எண்ணெய் தாங்கும் வகையாகப் போடுங்கள். தண்ணீரை இழுக்கும், ஆகவே மழைக்காலத்தில் ஓடாத வண்டியில் விட்டுவைக்காதீர்கள். என்ஜின் ஆயிலை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுங்கள். இதற்கெல்லாம் வசதியில்லாதவர்கள் வெறும் டீசலே ஊற்றி ஓட்டுங்கள். தங்கராஜ் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறார்.